முட்டை பப்ஸ் குறியீடு

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் அவருக்குக் ‘கவர்னர்’ என்று பெயர். மாநில ஆளுநர் அல்ல, ரிசர்வ் வங்கி கவர்னர். டாலருக்கு எதிராக ரூபாய் ஏன் இறங்குகிறது என்று இரண்டாம் ஆண்டில் ஒருநாள் மெஸ்ஸில் பேச ஆரம்பித்து, எதிரில் இருந்தவர்களின் உப்புமா ஆறிக் கட்டியாகும் வரை நிறுத்தாததால் விழுந்த பட்டம் அது. படிப்பது மெக்கானிக்கல், இறுதியாண்டு. பொருளாதாரம் என்று ஒரு பாடம் ஒரு செமஸ்டர் வந்துபோனது. அதில் வாங்கிய கிரேடைப் பற்றி மட்டும் கவர்னர் கருத்துச் சொல்வதில்லை.

சபை கூடும் இடம் கல்லூரிக்கு எதிரே உள்ள பேக்கரி. கோவையில் டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டாம். பேக்கரியில் நுழைந்தால் டீ கிடைக்கும். கண்ணாடி அலமாரிக்குள் தேங்காய் பன், ஜாம் ரோல், மதியம் சுட்டுச் சாயங்காலத்துக்குள் ஓரம் உதிரத் தொடங்கிவிட்ட முட்டை பப்ஸ். வெளியே நாலு ஸ்டூல். டீ வருவதற்குள் உக்ரைன் முடிந்துவிடும். பப்ஸ் பாதி போவதற்குள் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு தீர்ப்பு கிடைத்துவிடும்.

அந்தத் தீர்ப்பு மாறியதே இல்லை. ஏஐ எல்லோருடைய வேலையையும் காலி செய்துவிடும். இதைச் சொல்லும்போது கவர்னர் முகத்தில் துளிக் கவலை இருக்காது. தனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஆகவே பறிபோகவும் வழியில்லை என்ற நிம்மதி. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது அவர் முதலாண்டு. அன்றுமுதல் அவர் சமர்ப்பித்த அசைன்மென்டுகளின் ஆங்கிலம் திடீரென்று பிரிட்டிஷ் பிரபு பேசுவதுபோல் ஆகிவிட்டது. பேராசிரியர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்விகளையும் இப்போது அதே பிரபுதான் தயாரிக்கிறார் என்று விடுதியில் ஒரு பேச்சு உண்டு.

2025 ஜனவரி 27 அன்று சபை நள்ளிரவு தாண்டியும் கலையவில்லை. டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் ஒரு ஏஐ மாடலைச் செய்துகாட்டிய செய்தி பரவி, ஏஐ சிப் விற்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் சரிந்தது. ஆவியான சந்தை மதிப்பு ஏறத்தாழ 59,000 கோடி டாலர். ஐந்து நாள் கழித்து நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கவர்னர் இந்தச் சரிவை முன்பே கணித்ததாக அறிவித்தார். எப்போது, யாரிடம் என்று கேட்டதற்கு, “பொதுவா சொல்லியிருக்கேன்” என்றார். (அந்த பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பை, வருமானமே இல்லாத அந்த விடுதி விசிலடித்து வரவேற்றது தனிக்கதை.)

அதே இரவில் அவர் இன்னொன்றும் சொன்னார். மாடல் மலிவாகிவிட்டதால் சிப் விற்பனை படுத்துவிடும் என்று பக்கத்து அறைக்காரன் அடித்துப் பேசியபோது, கவர்னர் தன் வீட்டுக் கதையை எடுத்தார். “ஜியோ வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்ல மாசத்துக்கு ஒரு ஜிபி. அதையும் அப்பா மிச்சம் வெப்பாரு. இப்ப தினம் ஒன்றரை ஜிபி. மத்தியானமே தீந்துருது. விலை குறைஞ்சா கம்மியா செலவு பண்ணுவோமாக்கும்?”

1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி நிறுவியது இதைத்தான். நீராவி இயந்திரம் கொஞ்சம் கரியில் ஓடக் கற்றுக்கொண்டால் நாட்டின் கரிச் செலவு கூடும், குறையாது என்றார் அவர். டீப்சீக் பரபரப்பின்போது மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவும் ஜெவன்ஸ் பெயரைத்தான் இழுத்தார். கவர்னருக்கு ஜெவன்ஸ் யாரென்று தெரியாது. டேட்டா தீர்ந்துபோகும் மத்தியானம் தெரியும்.

இங்கேதான் அவரைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தன் காசு ஒரு பைசாகூட இல்லாத விவகாரத்தில் கவர்னரின் குரல் மேடைக்குரல். பத்து ரூபாய் அவருடையது உள்ளே இருந்தால் குரல் இறங்கிவிடும், கணக்கு சரியாகிவிடும்.

முட்டை பப்ஸ் குறியீடு அப்படிப் பிறந்ததுதான். தி எகனாமிஸ்ட் பத்திரிகை 1986 முதல் நாட்டுக்கு நாடு பர்கர் விலையை ஒப்பிட்டு ‘பிக் மேக் குறியீடு’ போடுகிறது. கவர்னர் தன் கைபேசியில் பப்ஸ் விலையைக் குறித்துவைக்கிறார். முதலாண்டில் 15 ரூபாய். நடுவில் 18. இப்போது 22, அதுவும் முழு முட்டை அரை முட்டையாகிய பிறகு. அரை முட்டைக்கு 22 என்றால் முழு முட்டைக்கு எவ்வளவு என்று அவர் ஒரு தனிப் பத்தியும் வைத்திருக்கிறார்.

அரசாங்கத்தின் கணக்கு அவருக்கு ஒப்பாது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட சில்லறைப் பணவீக்கக் கூடையில் 299 பொருட்கள் இருந்தன. அவற்றில் குதிரை வண்டிக் கட்டணமும் ஒன்று. இதைப் படித்த நாளில் அவர் சிரித்த சிரிப்பில் பேக்கரி அண்ணன் டீயை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கவர்னருக்குத் தெரிந்து கோவையில் யாரும் குதிரை வண்டியில் கல்லூரிக்கு வரவில்லை. ஆனால் அதே கூடையில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் ஏறத்தாழ 46 சதவீத எடை இருந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றபோது, நாட்டின் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்கு ஏறியதும் அந்த எடையால்தான். மெஸ் ரசம் அந்த மாதம் முழுக்கப் புளியை மட்டும் நம்பியிருந்தது. ரசத்தைப் பார்த்தே பணவீக்கத்தைச் சொல்லிவிடலாம் என்பது கவர்னரின் வாதம். குதிரை வண்டியைவிட அது தேவலாம் என்றே தோன்றுகிறது.

பப்ஸ் குறியீட்டுக்கு நாமக்கல்லோடு நேரடித் தொடர்பு. அங்கே முட்டைக் கொள்முதல் விலை அறிவிக்கப்படுவதைக் கவர்னர் சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். முட்டை ஏறினால் அடுத்த வாரமே கண்ணாடியில் புது விலைச் சீட்டு ஒட்டப்படும். இறங்கினால் பழைய சீட்டு அப்படியே இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அண்ணா, முட்டை 50 காசு இறங்கிருச்சு. பப்ஸ் ஏனுங்ணா இறங்கல?”

“ஏறுறப்ப முட்டையோட ஏறுச்சுங் கண்ணு. இப்ப கரண்டு பில்லப் புடிச்சுட்டு நிக்குது.”

பிரிட்டனில் பெட்ரோல் விலையைப் பார்த்துவிட்டு ராபர்ட் பேகன் என்ற பொருளியலாளர் 1991இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: ராக்கெட்டும் இறகும். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு. பேக்கரி அண்ணன் சொன்ன விளக்கம் அந்த ஆய்வுக்கட்டுரையைவிடச் சுருக்கம்.

பங்குச் சந்தையில் கவர்னரின் நிலைமை வேறு. அவர் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை; ஆகவே ரிஸ்க் மேனேஜ்மென்ட் பற்றி அவரைவிடத் தெளிவாகப் பேச யாராலும் முடியாது. போட்டவன் அறைத்தோழன். பேச்செல்லாம் கால், புட், எக்ஸ்பைரி. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்; மொத்தமாகப் போனது 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2023-24இல் ஆடியவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. இந்த எண்களைக் கவர்னர் அறையில் வாசித்துக் காட்டினார். அறைத்தோழன் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப மிச்சம் ஏழு சதவீதம் நம்ம மாதிரி ஆளுங்கதான்” என்றான். மெஸ் கட்டணத்துக்கு வீட்டிலிருந்து வந்த பணம் அந்த வியாழக்கிழமை எக்ஸ்பைரியோடு சேர்ந்து காலாவதியானது. பிறகு ஒரு மாதம் அவன் சாப்பிட்டது கவர்னரின் டோக்கனில். அதற்கு வட்டி உண்டா என்று கேட்டால் கவர்னர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுகிறார்.

யுபிஐ பற்றி அவருடைய கருத்து ஒரே வரி: “உலகத்துலயே நாமதான் ஃபர்ஸ்ட், அதுவும் ஃப்ரீ.” 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிய ஏற்பாடு, பெருமைப்படலாம்தான். கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் விதி. அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகையாகத் தருகிறது: 2024-25க்கு ஒதுக்கியது 1,500 கோடி, சிறு வியாபாரியிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். கவர்னர் அங்கேயே கணக்குப் போட்டார். 15 ரூபாய் டீக்கு இரண்டேகால் பைசா. பேக்கரியின் யுபிஐ ஒலிப்பெட்டி ‘பதினைந்து ரூபாய் வரவாகியுள்ளது’ என்று தெருவுக்கே கேட்கக் கத்துவதற்கு அதுவே ஜாஸ்தி என்றார்.

2025 ஜூலையில் அந்தப் பெட்டி ஒரு வாரம் வாய்மூடிக் கிடந்தது. கர்நாடகத்தில் வணிகவரித் துறை யுபிஐ வரவை எடுத்துப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு வந்த தொகை 29 லட்சம். பெங்களூரில் கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றி ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று கர்நாடக அரசு சொன்ன பிறகுதான் அங்கே சூடு தணிந்தது. மாநில எல்லை தாண்டிய பயத்தில் நம் அண்ணனும் பெட்டியின் ஒயரை உருவி வைத்திருந்தார். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்றெல்லாம் கவர்னர் விளக்கினார். எல்லாம் சரியான தகவல். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “டீ பொருளுங்களா, சேவைங்களா?” கவர்னர் டீயைக் குடித்துப் பார்த்தார். முடிவுக்கு வர முடியவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று மட்டும் அவர் சபைக்குத் தாமதமாக வந்தார். அன்றுதான் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது இரண்டாவது 25 சதவீத வரியைப் போட்டது, மொத்தம் 50. டிரம்ப்பைப் பற்றிக் கவர்னர் ஒரு மணி நேரம் பிரித்து மேய்வார் என்று எல்லோரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்கள். கவர்னரின் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்.

அவர் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அங்கே அப்போது வரி 20. தைத்து முடித்த சரக்குக்கே டிஸ்கவுன்ட் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் சீசன் ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடம் ஒரு ஷிப்டுக்கு இறங்கியிருக்கிறது, சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். டிரம்ப்பின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. கவர்னர் நிகழ்த்திய உரைகளில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

அடுத்த மாதமே பழைய ஆள் திரும்பிவிட்டார். காரணம் புரோட்டா.

புரோட்டாவின் வரி வரலாறு நம் நாட்டில் ஒரு தனி இலக்கியம். 2020 ஜூனில் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் வரும் புரோட்டாவைச் சுடவைத்துத்தான் தின்ன வேண்டியிருப்பதால் அது ரொட்டியாகாது, எனவே 5 அல்ல, 18 சதவீதம் என்றது. சமூக வலைத்தளங்களில் புரோட்டாவுக்காக ஒரு போராட்டமே நடந்தது. கேரள உயர்நீதிமன்றம் 2024இல் புரோட்டாவுக்கு 5 சதவீதம்தான் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சரிடமே ஓர் உணவக உரிமையாளர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார் என்று சொல்லி நாடு முழுக்கச் சிரிப்பை வாங்கினார். கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் புரோட்டாவுக்கு வரி பூஜ்யம்.

அன்று மாலையே கவர்னர் செய்தியைக் கைபேசியில் திறந்துவைத்துக்கொண்டு புரோட்டாக் கடைக்குப் போனார். மாஸ்டர் மாவை விசிறிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இன்னைலேருந்து புரோட்டாவுக்கு ஜிஎஸ்டி இல்ல. எவ்ளோ கொறச்சிருக்கீங்க?”

“தம்பி, கடைக்கே ஜிஎஸ்டி நம்பர் இல்லீங்க. இல்லாததுல எதைக் கொறைக்கறது?”

கவர்னர் விடவில்லை. மாஸ்டரும் சளைக்கவில்லை. வரிச் சலுகை பாக்கெட் புரோட்டாவுக்கு. உட்கார்ந்து தின்றால் அது உணவகச் சேவை, பதிவு பெற்ற பெரிய ஓட்டலில் இன்றைக்கும் 5 சதவீதம் என்று கவர்னரே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மைதா ஐம்பது கிலோ மூட்டை. 25 கிலோவுக்கு மேல் போனால் அதற்கு முன்பே வரி கிடையாது. பாமாயில் 5 சதவீதம், மாறவில்லை. வணிக சிலிண்டர் 18, மாறவில்லை. முட்டைக்கு என்றைக்கும் இல்லை. பேப்பர் நாப்கினின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, புரோட்டா ஒன்றுக்குத் தனக்கு வரவேண்டிய சலுகை சுழியம் என்று கவர்னர் கண்டுபிடித்தபோது, இலையில் வைத்த மூன்று புரோட்டா சால்னாவை முழுசாக உறிஞ்சிவிட்டு உலர்ந்து கிடந்தன.

“அப்ப இன்புட் கிரெடிட்டா இன்னும் ரெண்டு கரண்டி சால்னா ஊத்துங் மாஸ்டர்.”

மாஸ்டர் ஊற்றினார். பக்கத்து மேசையில் லாரி டிரைவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, அந்தக் கிரெடிட்டுக்கு ஆதார் கார்டு வேண்டுமா என்று விசாரித்தார்.