காதர்பேட்டைக்கு ஒரு லேபிள் யோசனை

திருப்பூர் காதர்பேட்டை வியாபாரிகளுக்கு ஓர் இலவச யோசனை. பனியனுக்குள் பக்கத் தையலோடு சேர்த்து அடிக்கிறீர்களே, வாஷ்கேர் லேபிள், அதை இனி ஒரு முழ நீளத்துக்கு அச்சடிக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் ஊற வைக்காதே, ப்ளீச் போடாதே, நிழலில் காயப்போடு என்று துணிக்கு வரும் ஆபத்துகளைத்தான் இதுவரை எழுதி வந்திருக்கிறோம். உடுத்துகிறவருக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சர்ப்ளஸ் லாட்டை மூட்டை கட்ட வரும் வெளியூர்க்காரர், "சாயம் போகுமுங்களா, சுருங்குமுங்களா" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறார். "இதைப் போட்டுட்டு எங்கெங்கே உள்ளே போக முடியுமுங்க?" என்றல்லவா அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும்!

டி-ஷர்ட்டிலிருந்தே தொடங்கலாம். ஊர் சோறு தின்பது அதில்தான். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது திருப்பூர். தொழில் மாநாடு நடந்தால் எந்த ஆட்சியும் இந்தக் கணக்கைச் சொல்லி மார்தட்டாமல் இருப்பதில்லை. அதே அரசு 2019இல் தன் ஊழியர்களுக்கு ஓர் ஆணை போட்டது. அலுவலகத்துக்குக் கண்ணியமாக வர வேண்டும். பெண்களுக்குச் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்கு முறையான சட்டை பேண்ட், இல்லையென்றால் தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. சாதாரண உடுப்புகள் கூடாது. உலகத்துக்கெல்லாம் டி-ஷர்ட் தைத்து அனுப்புகிற மாநிலத்தில், அதை உடுத்திய குமாஸ்தாவிடம் கண்ணியம் குறைந்துவிடுகிறதாம்.

ஐந்தாண்டு கழித்து, 2024 அக்டோபரில், துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் கட்சிச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டில் அரசு விழாக்களுக்கு வருகிறார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அந்த 2019 ஆணை துணை முதலமைச்சரையும் கட்டுமா என்று நீதிபதிகள் அரசிடம் கேட்டார்கள். அரசு விழாவில் கட்சிச் சின்னம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை, குமாஸ்தாவுக்கும் அதே சுதந்திரம் வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மந்திரி உடுத்தினால் இளமை, குமாஸ்தா உடுத்தினால் மெமோ.

வேட்டிக்கு வருவோம். 2014 ஜூலையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. வேட்டி கட்டி வந்த நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் ஆகியும் அவனுடைய கிளப் விதி வாசலில் நின்று காவல் காத்தது. ஊரே கொதித்தது, கொதித்தது சரிதான். ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அவமானப்பட்டவர் உயர் நீதிமன்ற நீதிபதி என்றால் ஒரு மாதத்தில் சட்டம் பிறக்கிறது. லுங்கியோடு வந்தார் என்று காவலாளி விரட்டிவிடும் டையிங் தொழிலாளிக்கு எந்த வருஷத்துச் சட்டசபையில் பிறக்கும் என்று யாராவது ஜோசியம் பார்த்துச் சொன்னால் தேவலை.

அடுத்த ஆண்டே சாமிக்கும் உடைக் கவலை வந்தது. திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமக் கோயில் விழாவுக்கு ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். கேட்டது ஆட்டத்துக்கு, கிடைத்தது, தமிழ்நாட்டுக் கோயில்கள் முழுவதற்கும் உடைக் கட்டுப்பாடு! 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜீன்ஸ், லெக்கிங்ஸ், அரைக்கால் சட்டை எல்லாம் வாசலோடு நின்றன. அதே மாதத்திலேயே மேல்முறையீட்டில் இடைக்காலத் தடை வந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தீர்ப்பு போனாலும் பலகை போகவில்லை. பல கோயில்களில் இன்னும் தொங்குகிறது.

என் கோபம் முழுவதையும் கறுப்புக்காக மிச்சம் வைத்திருந்தேன்.

2025 ஜனவரி 5. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதன் நூற்றாண்டுக் கருத்தரங்கு. தொடங்கி வைக்க வருபவர் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். கருத்தரங்குக்கு வந்த மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாக்களை வாசலில் போலீஸ் கழற்றி வாங்கி வைத்தது. கறுப்புக் கொடி காட்டிவிடுவார்களோ என்ற பயம். படிக்க வந்த பிள்ளைகள் துப்பட்டா இல்லாமல் கூச்சத்தோடு உள்ளே போய் உட்கார்ந்து, ஐயாயிரம் ஆண்டுப் பழைய தமிழர் பெருமையைக் கேட்டுவிட்டு வந்தார்கள். துப்பட்டா போடாவிட்டால் கண்ணியக் குறைவு என்று ஆணை போட்டதும் அரசு. போட்டு வந்ததைக் கழற்றச் சொன்னதும் அரசு. மொகஞ்சதாரோவில் கிடைத்த 'பூசாரி அரசன்' சிலையின் தோளிலும் ஒரு மேலாடை கிடக்கிறது. நல்ல காலம், அது கராச்சியில் இருக்கிறது.

பாதுகாப்புப் பணியில் இருந்தவர்கள் அளவுக்கு மீறிய எச்சரிக்கையோடு நடந்துவிட்டதாகக் காவல்துறை பிறகு விளக்கம் சொன்னது. சரி. ஆனால் அந்த எச்சரிக்கை எந்தக் கட்சியின் ஆட்சியில் வந்தது? கொடியில் பாதி கறுப்பாக வைத்திருக்கும் கட்சியின் ஆட்சியில். பெரியாரின் கருஞ்சட்டைப் படையை 1948இல் ஓமந்தூரார் அரசு தடை செய்தபோது, அது சட்டைக்குப் பயந்த அரசு என்று மேடைதோறும் முழங்கிய பரம்பரை இது. அன்று ஒரு படையைப் பார்த்துப் பயந்தார்கள். இன்று கல்லூரிப் பெண்ணின் கழுத்தில் கிடந்த இரண்டரை மீட்டர் துணியைப் பார்த்துப் பயந்தார்கள்.

கர்நாடகத்தில் 2022 பிப்ரவரியில் ஹிஜாபைக் கழற்றச் சொன்னபோது நம்மவர்களில் பாதிப்பேர் 'அது அவங்க பிரச்சினை' என்று இருந்துவிட்டார்கள். நீட் தேர்வு வாசலில் முழுக்கைச் சட்டையைக் கத்தரித்தபோது 'காப்பி அடிக்காம இருக்கத்தானே' என்றார்கள். 2022 ஜூலையில் கொல்லம் மாவட்டத்தில் நீட் எழுத வந்த மாணவிகளின் உள்ளாடையைக் கழற்ற வைத்தபோது மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு தடையும் பக்கத்து வீட்டுக்காரருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல வருகிறது. நம் உடம்புக்கும் அது கச்சிதமாகப் பொருந்துவது அப்புறம்தான் தெரிகிறது.

ஈரானில் தலைத்துணியைக் கழற்றினால் குற்றம். பிரான்ஸின் அரசுப் பள்ளியில் கட்டத் தடை. இரண்டு அரசுகளும் தன் விதியே நியாயம் என்கின்றன. அளவுநாடா என்னவோ இரண்டு இடத்திலும் பெண்ணின் உடம்பில்தான் கிடக்கிறது. 2023 ஏப்ரலில் ஈரான் போலீஸ் ஒரு படி மேலே போனது. தலை மூடாத பெண்களைக் கேமரா வைத்து அடையாளம் கண்டு, செல்போனுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புவோம் என்று அறிவித்தது. தடையும் கேமராவும் சம்பந்தியாகிவிட்டால் வாசலில் நின்று துப்பட்டாவைப் பிடுங்கும் வேலைகூட மிச்சம்.

நம் ஊரில் பந்தல் போட்டு முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு போலீஸ் முகமறியும் மென்பொருளைத் தொடங்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது அப்படியே இருக்க, முகமறியும் கருவிக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் ஒன்று கிடையாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. 2024 மே மாதம் அந்த முகமறியும் தளத்துக்குள்ளேயே திருடன் புகுந்துவிட்டான். ஒரு கணக்கின் பாஸ்வேர்டு களவு போய்விட்டதாம். நம் முகத்தை மாற்ற முடியாது. அவர்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார்கள்.

திருப்பூருக்குக் கண்காணிப்பு புதிதில்லை. கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளில் சுமங்கலித் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் நினைத்தபோது வெளியே போக முடியாமல், போனில் நினைத்தபடி பேச முடியாமல் அடைபட்டுக் கிடந்ததை 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையம் எழுதி உலகுக்குச் சொன்னது. கேட்டால், "வயசுப் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தானுங்க" என்பார்கள். கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்க்க வந்தவளுக்குச் சந்தைக்குப் போய்ப் பூ வாங்க அனுமதி வேண்டும். வடக்கத்தித் தொழிலாளியின் ஆதாரும் போட்டோவும் எத்தனை மேசையில் கிடக்கிறதென்று அவனுக்கே தெரியாது. நொய்யலில் பல வருஷம் சாயக் கழிவு ஓடியதை மட்டும் எந்தக் கண்ணும் காணவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது.

'மூன்றாவது கண்' என்று கேமராவுக்குச் சிவபெருமானின் பேரை வைத்த காவல்துறையிடம் ஒரே ஒரு கேமராவைப் பற்றிக் கேட்க வேண்டும். சாத்தான்குளம் காவல் நிலையத்தில் இருந்தது அது. போலீஸ் அடித்துப் பின்னர் உயிரிழந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 இரவு அங்கேதான் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அதில் அமைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை எழுதினார். வாசலில் கறுப்புத் துணி தெரிகிற கண்ணுக்கு லாக்கப்பில் அந்த இரவு தெரியவில்லை. தரையில் சிந்திய ரத்தத்தைப் பென்னிக்ஸின் உடையாலேயே அவரைத் துடைக்க வைத்தார்கள் என்கிறது சிபிஐயின் குற்றப்பத்திரிகை. ரத்தம் தோய்ந்த துணிகள் அரசு மருத்துவமனைக் குப்பைத் தொட்டிக்குப் போயின என்றும் அதில் இருக்கிறது.