மாநிறப் பாம்பு

ஆனைக்குட்டத்தில் பாம்பை யாரும் வளர்ப்பதில்லை. அதுவாகவே வளர்ந்துகொள்கிறது. அணைக்கரையில் சாரை, மோட்டார் ரூமில் நல்லபாம்பு, சீமைக்கருவேலங்காட்டில் விரியன் என்று ஆளுக்கொரு இடம் பிடித்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்பம் நடத்துகின்றன. இப்படிப்பட்ட ஊருக்குத் தீபாவளி லீவில் வந்த என் அண்ணன் மகன், பெங்களூரில் பாம்பு வாங்கப்போவதாகச் சொன்னான். அதுவும் காசு கொடுத்து.

"என்ன பாம்புப்பா?"

"பால் பைத்தான், சித்தப்பா."

என் மனைவி காதில் 'பால்' மட்டும் விழுந்தது. "பாம்பு பால் குடிக்காதுன்னு போன தடவ நீதானே சொன்ன?" என்றாள்.

குடிக்காதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துச் சின்ன மலைப்பாம்பு அது. மூன்றிலிருந்து ஐந்தடி இருக்கும். விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கோபம் வந்தால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். இந்தக் கடைசிக் குணம் எங்கள் குடும்பத்திலும் உண்டு என்பதால் எனக்கு அதன்மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

செல்லை எடுத்துப் படம் காட்டினான். மஞ்சளாக ஒன்று, பெயர் பனானா. வெள்ளையில் திட்டுத்திட்டாகப் பழுப்பு ஒட்டியது பைபால்ட். இன்னும் பேஸ்டல், கிளவுன், ஸ்பைடர், பம்பிள்பீ. வாழைப்பழம், கோமாளி, சிலந்தி, வண்டு என்று எல்லாப் பெயரும் இருந்தது, பாம்பு என்பதைத் தவிர. பட்டியலின் அடியில் கரும்பழுப்பு உடம்பில் பொன்பழுப்புத் திட்டுகளோடு ஒன்று சுருண்டிருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. இருப்பதிலேயே விலை குறைவும் அதுதான்.

"அது நார்மல் சித்தப்பா. அத யாரும் வாங்க மாட்டாங்க."

"இதுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதான்."

அப்புறம் ஜாதகம் பார்க்க ஆரம்பித்தான். ஜாதகம்தான், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சில குட்டிகள் பார்வைக்கு நார்மல், ஆனால் உள்ளுக்குள் அல்பினோ மரபணு ஒளிந்திருக்குமாம். அதற்கு 'ஹெட்' என்று பெயர். இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோவாகப் பிறக்கும். மிச்சம் மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மூன்றில் இரண்டுக்கு அந்த மரபணு இருக்கும். எது எது என்று சொல்ல முடியாததால் மூன்றையும் '66 சதவீத ஹெட்' என்று விற்பார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத் தரகர்கள் "பொண்ணு மாநிறம்தான் அண்ணாச்சி, ஆனா ஆச்சி நல்ல சிவப்பு" என்று சொல்வதும் இதே கணக்குதான். அவர்கள் சதவீதம் போடுவதில்லை, அவ்வளவே.

நான் விடாமல் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. அல்பினோ என்றால் கருப்பு நிறமி இல்லை. ஆக்சாந்திக் என்றால் மஞ்சள் இல்லை. பைபால்டில் இடையிடையே ஒன்றுமே இல்லை. நீலக்கண் லூசிஸ்டிக் என்று ஒன்று, அதில் கண்ணைத் தவிர எங்கேயுமே நிறம் இல்லை. இருப்பதிலேயே எல்லாம் ஒழுங்காக இருப்பது நார்மல் ஒன்றில்தான்.

சிவகாசிப் பக்கத்துக் கந்தக பூமிக்காரனுக்கு இது மண்டையில் ஏற நேரம் பிடித்தது. எங்கள் பக்கம் நிறம் வேண்டுமென்றால் மருந்து சேர்க்க வேண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம். பச்சைக்குப் பேரியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்ட பிறகு, பசுமைப் பட்டாசில் பச்சை வரவைப்பதுதான் பெரும்பாடு. ஃபயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், ஃபேன்சி ரகத்துக்கு விலை கூடுகிறதென்றால் உள்ளே ஏதோ கூடுதலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். கலர் காட்டும் மணி மருந்தில் ஒரு சாமானை விட்டுவிட்டு, "இது அபூர்வ ரகம், பத்து மடங்கு ரேட்டு" என்று சொன்னால் டீலர் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாம்பு வியாபாரத்தில் மட்டும் சாமான் விட்டுப்போகப் போக ரேட்டு ஏறுகிறது.

ஆகாசத்தில் அத்தனை கலரையும் காட்டுகிற சிவகாசி, பாம்பு மாத்திரையில் மட்டும் கைவைக்கவில்லை. கொளுத்தினால் இன்றைக்கும் கருப்பாகத்தான் நெளிந்து வருகிறது. பனானா கலரில் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் அழுததில்லை.

விட்டுப்போவது நிறத்தோடு நின்றால் பரவாயில்லை. ஸ்பைடர் ரகம் முழுக்க, 1999-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன ஒரே பாம்பின் வம்சம். கோடு அழகுதான். கூடவே தலையாட்டமும் வருகிறது. இரையைக் குறிவைத்துப் பாயும், இரைக்குப் பக்கத்துக் காற்றைக் கவ்வும். சிலது தலைகீழாகத் திருகிக்கொண்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் நிற்கும். பிரிட்டனில் உள்ள இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி, தன் கண்காட்சிகளில் இந்த ரகத்தை விற்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

"வெளிநாட்டுக்காரன் புத்தி" என்று சிரிக்கவும் வழியில்லை. எங்கள் மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்ததில், செவிட்டுக் குட்டிகளும் கூடவே பிறக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. கூப்பிட்டால் திரும்பியே பார்க்காது. ஜமீன் வம்சம், அப்படித்தான் இருக்கும் என்று அந்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் அதன் பக்கத்திலேயே பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தியபோதும் அது தூக்கம் கலையாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் வம்சத்தின் ரகசியம் தெருவுக்குத் தெரிந்தது.

சட்டம் வேறு இருக்கிறது. நம்மூர் மலைப்பாம்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வீட்டில் வைத்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் உள்ளே போகலாம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதியாமல் வருகிறவை பெட்டியில் வருகின்றன. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிய ஒருவரின் டிராலி பேக்கில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. அடுத்த செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 பால் பைத்தான், கூடவே 17 ராஜநாகம். ராஜநாகத்துக்குப் பேர்போன ஆகும்பைக் காட்டை வைத்துக்கொண்டிருக்கிற கர்நாடகாவுக்கு ராஜநாகம் இறக்குமதி!

வாங்கியவர்கள் அலுத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சாட்சி. செல்லமாக வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக்காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டன. 2017-ல் அவற்றைப் பிடிக்க நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்துப் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்பு. ஊர் திரும்பிய அவர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் தடம் பார்த்துத் தேடியது காட்டு நிறப் பாம்பை. புல்லோடு புல்லாக, சேற்றோடு சேறாகக் கிடக்கிற அதைக் கண்டுபிடிக்கத்தான் இருளர் கண் வேண்டும். பனானா பாம்பை நம் ஊர்ப் பருந்தே கண்டுபிடித்துவிடும்.

அண்ணன் மகனிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பார்த்ததையும் சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். தோப்புக்குள் வந்த மலைப்பாம்பைத் தீயணைப்புக்காரர்கள் பிடித்துச் சாக்கில் போடப் போனார்கள். பழுப்பு உடம்பு, ஓரம் கறுத்த திட்டுகள், தலையில் ஈட்டிமுனை போல ஓர் அடையாளம். அது புரண்டபோது வெயில் முதுகில் விழுந்தது. ஒவ்வொரு செதிலிலும் நீலமும் ஊதாவும் பச்சையும் ஓடி மறைந்தன. ஸ்ட்ரான்ஷியமும் இல்லை, பேரியமும் இல்லை. மாநிறத்துக்கு மேலே வெளிச்சம் விளையாடியது, அவ்வளவுதான். இதில் தாய்ப்பாம்பு முட்டையைச் சுற்றிக்கொண்டு, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுத்து அடைகாக்கும் என்றும் சொன்னேன். பையன் செல்லைக் கீழே வைத்தான். அதுவே பெரிய விஷயம்.

"அப்ப நார்மல்தான் ஒசத்திங்கிறீங்க?"

"ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல. முழுசா இருக்கு. அதுல ஒண்ணும் விட்டுப்போகல."

அதுவரை அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த மதினி வெளியே வந்தார். மகனுக்குப் பெண் பார்க்கும் மும்முரத்தில் இருக்கிறார்கள். தரகர் கொடுத்த சாத்தூர் ஜாதகத்தை என்னிடம் நீட்டினார்.

"படிப்பு, குடும்பம் எல்லாம் சரியா இருக்கு கொழுந்தனாரே. பொண்ணு கொஞ்சம் மாநிறமாம். அதான் யோசிக்கிறேன்."

"இப்பதானே மதினி சொல்லிக்கிட்டிருந்தேன். மாநிறம்னா ஒண்ணும் குறையலைன்னு அர்த்தம்."

மதினி என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பாம்பப் பத்தித்தானே பேசிட்டிருந்தீங்க?"

"ஆமா மதினி, பாம்பப் பத்தித்தான்" என்றேன். என் அண்ணன் மகன் தாயின் கையிலிருந்த ஜாதகத்தை மெதுவாக வாங்கி, போட்டோ இருக்கிறதா என்று புரட்டினான்.