சிறுவாட்டியல்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரக் குடும்பங்களின் மறைபணம் குறித்த ஆய்வு

1. பொருளும் எல்லையும்

குடும்ப வருவாயிலிருந்து இல்லத்தரசி பிறர் அறியாமல் ஒதுக்கி, பிறர் தேடாத இடத்தில் வைத்து, பிறர் எதிர்பாராத நாளில் எடுத்துத் தரும் சிறு தொகை சிறுவாடு எனப்படும். இவ்வரையறையில் மூன்று முறை வரும் ‘பிறர்’ பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பதும், அவர் தம்மைக் குடும்பத் தலைவர் என்று கருதிக்கொள்பவர் என்பதும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தத் தக்கவை. பொருளியல் நூல்கள் சேமிப்பை வங்கி வைப்பு, அஞ்சலகக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி எனப் பகுத்துப் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருப்பினும், அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கும் துணிவை அவை காட்டியதில்லை. அக்குறையை ஓரளவு நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களமாக இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகவும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையும் பரந்த தொழில் வட்டாரம் கொள்ளப்பட்டது. 1017இல் இராமானுசர் பிறந்த ஊர் என்ற பெருமையோடு இருந்த இப்பகுதி, 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்னும் முப்பொழுதுகளால் ஆளப்படுகிறது. இங்கு ஊதியம் கடிகாரம் தவறாமல் வருகிறது; அதனுடன் வரும் ஊதியச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு உரியவராயின் அதற்கு 0.75 விழுக்காடு, அதற்குமேல் கேன்டீன், பேருந்து என ஒவ்வொரு பிடித்தமும் பைசா சுத்தமாக அச்சாகியிருக்கிறது. இத்தனை வெளிச்சமான வருமானத்தில் மறைபணம் முளைக்க இடமே இல்லை என்றுதான் எவரும் கருதுவர். இருந்தும் அது இவ்வட்டாரத்து லைன் வீடுகளில், அதாவது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் ஓரறை, ஈரறை வீடுகளில், செழித்து வளர்கிறது என்பதே இத்துறையைத் தனி இயலாக நிறுவப் போதிய காரணமாகும்.

2. வரவினங்கள்

சிறுவாட்டின் வரவுகள் ஐவகைப்படும். முதலாவது, விலை முழுமையாக்கம்: சந்தையில் கிலோ 35 ரூபாய்க்கு வாங்கிய தக்காளி, வீட்டு வாசற்படியைக் கடக்கும்போது 40 ரூபாயாகத் திரளுதல். இதைப் பொய் என்று வகைப்படுத்துவது தவறு. பேரம் பேசிய உழைப்புக்கான கூலி விலையுடன் சேர்க்கப்படுகிறது என்பதே சரியான கணக்கியல் விளக்கம். இரண்டாவது, சட்டைப்பை வரி: ஷிப்ட் முடிந்து வந்த சீருடையைத் துவைக்குமுன் அதன் பையில் அகப்படும் தாள்களும் நாணயங்களும் துவைப்பவருக்கே உரியவை என்னும் வழக்கு. சட்டை சோப்புத் தண்ணீரில் முங்குவதற்குள் உரிமை கோராதவர் பின்னர்க் கோர முடியாது என்பதில் இல்லங்கள் பலவும் உடன்படுகின்றன. மூன்றாவது, பழைய பேப்பர், பால் கவர், எண்ணெய் கேன் ஆகியவற்றைக் காயலான் கடைக்குப் போட்ட பணம். நான்காவது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாய்வீட்டார் கையில் அழுத்திச் செல்லும் தொகை.

ஐந்தாவது வரவினம் அண்மையில் தோன்றியது; ஆய்வுக்குப் பெரிதும் உரியது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். செலவு நின்றுபோனால் அதற்கான ஒதுக்கீடும் நின்றுபோக வேண்டும் என்பது நிதித்துறை வழக்கம். இல்லத்து வரவு செலவுத் திட்டத்திலோ ‘பஸ்ஸுக்கு’ என்னும் தலைப்பு இன்றும் நீக்கப்படவில்லை. ஒதுக்கீடு மாதந்தோறும் பெறப்படுகிறது. பயணமும் தவறாமல் நிகழ்கிறது. இடையில் உள்ள கட்டணம் மட்டும் டிரம்மை நோக்கிப் பயணப்படுகிறது.

3. இருப்பிடவியல்

சிறுவாட்டுக்கு ஏற்ற இடம் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்: கணவரின் கை அங்கே போகலாகாது, எலியும் ஈரமும் அங்கே போகலாகாது, காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஒருவர் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதும் ஓசையின்றி எடுக்க முடிய வேண்டும். இம்மூன்றையும் வைத்துச் சோதித்தால் பீரோ லாக்கர் முதல் சுற்றிலேயே தோற்கிறது. அதன் சாவி இருக்குமிடம் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். சாமி படத்தின் பின்புறம் புனிதமானதே ஆயினும் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஆபத்தானது. எவர்சில்வர் பருப்பு டப்பா மூடியின் ஓசையால் கழிக்கப்படுகிறது.

இக்களத்துக்கே உரிய சிறப்பான இருப்பிடம், பண்டிகைக் காலத்தில் ஆலைகள் தொழிலாளருக்கு வழங்கும் ஹாட் பாக்ஸ் ஆகும். அட்டைப்பெட்டியும் பிரிக்கப்படாமல், ‘யாருக்காவது கல்யாணத்துக்குக் கொடுக்கலாம்’ என்ற எதிர்காலத் திட்டத்துடன் பரணில் ஏற்றப்படும் இப்பாத்திரம், அக்கல்யாணம் வரும்வரை வங்கியாகச் செயல்படுகிறது. இதன் ஒரே குறை, உறவினர் எவரேனும் திடீரென்று நிச்சயதார்த்தம் வைத்துவிட்டால் ஒரே இரவில் முழு வைப்பையும் இடமாற்றம் செய்ய நேர்வது.

எனினும் முதலிடம் அரிசி டிரம்முக்கே. தாள் முதலில் நான்காக மடிக்கப்பட்டு, மருந்துக் கடை தந்த சின்னப் பிளாஸ்டிக் உறையில் இடப்பட்டு, உறையின் வாய் ரப்பர் பேண்டால் இறுக்கப்பட்டு, டிரம்மின் அடியில், அரிசி அளக்கும் படி ஒருபோதும் தொடாத ஓரத்தில் செருகப்படுகிறது. அரிசி குறையக் குறைய அது மேலே தெரிந்துவிடும் என்பதால் மாதக் கடைசிக்கு முன்பே ரேஷன் அரிசி கொட்டி நிரப்பப்படுகிறது. வீட்டில் அரிசி தீரவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருளியல் அடிப்படை இங்கே விளங்கும். நீண்ட நாள் உள்ளிருந்து எடுத்த தாளின் மடிப்பில் வெள்ளைத் தவிட்டுப் பொடி படிந்திருக்கும். அதை வாங்கும் மளிகைக் கடைக்காரர் ஒருமுறை முகர்ந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் கல்லாவில் போடுவார்.

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில வணிகர் தாமஸ் கிரெஷாமின் பெயரால் வழங்கும் விதி, மட்டமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்கிறது. விரட்டப்பட்ட நல்ல பணம் எங்கே போயிற்று என்பதற்கு அரிசி டிரம் விடையளிக்கிறது: மொடமொடப்பான தாள் டிரம்முக்கும், ஓரம் கிழிந்த தாள் பால்காரருக்கும் என்பதே இல்லத்து நடைமுறை.

4. எதிர்ச்சிறுவாடு

மறைத்தல் ஒரு தரப்பின் தனியுரிமை என்று கொண்டால் ஆய்வு ஒருசார்பாகிவிடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு வீதத்தில் ஊதியம் தர விதித்தது. ஓ.டி. எனப்படும் இம்மிகைநேர ஊதியத்திலிருந்து கணவர் ஒதுக்கும் தொகையை எதிர்ச்சிறுவாடு எனலாம். அதன் இருப்பிடங்கள் மிகக் குறைவு, திறமும் குறைவு. பைக் சீட்டுக்கு அடியிலோ, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்புறத்திலோ அது வைக்கப்படுகிறது. ஒரு 500 ரூபாய்த் தாளை நான்காக மடித்து அட்டைக்குப் பின்னால் செருகினால் உறை சற்றே புடைக்கும் என்பதையும், அந்த அட்டையைத் தினமும் ஆணியில் மாட்டுபவர் யார் என்பதையும் கணவர் கணக்கில் கொள்வதில்லை.

ஆக, மாதத்தின் இரண்டாம் வாரத்தில் இவ்வட்டார வீடுகளில் கேட்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வடிவத்தில் அமைகிறது: “இந்த மாசம் ஓ.டி. ரொம்ப கம்மி.” “எனக்கும் கையில ஒண்ணும் நிக்கலைங்க.” இரு கூற்றுகளும் ஒரே வேளையில் பொய், இருவருக்கும் அது தெரியும், இருவரும் மற்றவர் கூற்றை ஏற்கின்றனர். இந்த ஒப்பந்தம் எழுதப்படாதது, ஆனால் ஊதிய ஒப்பந்தங்களைவிட நீடித்தது.

5. 2016: ஓர் இயற்கைச் சோதனை

சிறுவாட்டின் உண்மை அளவை அறியும் வாய்ப்பு வரலாற்றில் ஒருமுறை வாய்த்தது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்டபடி, 500, 1000 ரூபாய்த் தாள்கள் அன்று நள்ளிரவுடன் செல்லாதவையாயின. அவற்றை வங்கியில் செலுத்த டிசம்பர் 30 வரை காலம் தரப்பட்டது. பதுக்கலை வெளிக்கொணரும் நோக்கில் எடுக்கப்பட்ட இந்நடவடிக்கை, நாடெங்கும் முதலில் வெளிக்கொணர்ந்தது சமையலறைப் பதுக்கலைத்தான். இல்லத்தரசிகள் செலுத்தும் இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான தொகைகள் குறித்துக் கேள்வி எழாது என்று நடுவண் அரசு விளக்க நேர்ந்தது. வருமான வரித்துறை கேட்காது என்பது உறுதியாயிற்று. வீட்டில் கேட்பவருக்கு அவ்விளக்கம் பொருந்துமா என்பதைப் பற்றி அரசு ஒன்றும் சொல்லவில்லை.

அந்நாட்களில் வெளிவந்த தொகையைவிட, அது வெளிவந்தபோது கணவன்மார் காட்டிய வியப்பே ஆய்வுக்கு உரியது. அவ்வியப்பு பணம் இருந்ததைப் பற்றியதன்று. எவ்வளவு என்பதைப் பற்றியதே. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்தின் கடைசி மூவாயிரமும், காப்பீட்டு அட்டை பயன்படாத மருத்துவமனையின் முன்பணமும் ‘பக்கத்து வீட்டில் கைமாத்து’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்ததையும், அக்கைமாத்தைத் திருப்பிக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஒருநாளும் வராததையும் அவர்கள் முன்பே கவனித்திருந்தனர்.

6. முதிர்ச்சி நிலைகள்

டிரம்மில் இருக்கும் பணம் வட்டி ஈட்டாது என்பதால் அது குறிப்பிட்ட அளவை எட்டியதும் சீட்டாக உருமாறுகிறது. ஏலச்சீட்டு என்பது இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டி, மாதந்தோறும் சேரும் இருபதாயிரத்தை அதிகத் தள்ளு கேட்பவருக்குத் தரும் ஏற்பாடு. அவசரமுள்ளவர் மூவாயிரம் தள்ளி எடுத்தால் அவர் கைக்குப் பதினேழாயிரம் கிடைக்கும். தள்ளிய மூவாயிரம், தலைக்கு நூற்றைம்பதாக எல்லாருக்கும் கழியும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் பதிவையும், நடத்துபவரின் தரகையும் வரையறுத்திருந்தாலும், லைன் வீட்டுச் சீட்டுகளைக் காப்பது பெரும்பாலும் அச்சட்டமன்று. சீட்டு பிடிப்பவரும் கட்டுபவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருப்பதே அதன் உத்தரவாதம். வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் எண்ணமுள்ளவரிடம் சீட்டு கட்டலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் துணைவிதி.

அடுத்த நிலை நகைச்சீட்டு. இது பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் பண்டிகையோ பஞ்சாங்கமோ அன்று. பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தராவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்னும் நிறுமச் சட்ட விதியே காரணம். செய்கூலியும் சேதாரமும் தள்ளுபடியாகி, அரைச் சவரன், அதாவது நான்கு கிராம், காதில் ஏறியதும் சிறுவாடு தன் மறைநிலையை முற்றிலும் துறந்துவிடுகிறது. எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டே எவராலும் செலவழிக்கப்படாமல் இருப்பது பணத்துக்குக் கிட்டும் மிக உயர்ந்த நிலையாகும்.

7. அண்மைக்கால இடர்கள்

சிறுவாட்டுக்கு நேர்ந்த பெரும் இடையூறு திருடரால் வந்ததன்று, கைப்பேசியால் வந்தது. ஜிபே வழியாகத் தக்காளி வாங்கினால் 35 ரூபாய் 35 ரூபாயாகவே பதிவாகிறது. விலை முழுமையாக்கம் என்னும் முதல் வரவினமே அழிகிறது. பணத்துக்கு நினைவாற்றல் வந்த பிறகு அதை மறைக்க முடியாது. காய்கறிக் கடையில் ‘நெட் கிடைக்கல’ என்று சொல்லி ரொக்கம் நீட்டும் பெண்கள் தொழில்நுட்பம் அறியாதவர்கள் என்று கருதுவோர், அத்தொழில்நுட்பத்தின் விளைவை அவர்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கின்றனர் என்பதை உணர்வதில்லை.

மற்றோர் இடர் கோட்பாட்டளவிலானது. 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. தொகையும் தேதியும் ஊரறிந்தவை என்பதால் இது வரையறைப்படி சிறுவாடு ஆகாது. எனினும், ‘அது அப்பவே செலவாயிடுச்சு’ என்ற ஒரே வாக்கியத்தின் மூலம் அரசாணைப் பணத்தையும் மறைபணமாக்கும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டதால், சிக்கல் தானே தீர்ந்தது.

ஊதியம் பெறும் பெண்ணுக்குச் சிறுவாடு தேவையா என்பதும் இங்கே எழும் வினா. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலையில் இளம்பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தனர். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அத்தகைய விடுதியில் அரிசி டிரம் இல்லை. டிரங்குப் பெட்டி உண்டு. ஊருக்கு அனுப்பிய தொகை போக ‘இங்க சாப்பாட்டுச் செலவே சரியாப் போவுதும்மா’ என்று தாயிடம் தொலைபேசியில் சொல்லும் மகள் சிறுவாட்டின் அடுத்த தலைமுறை. அக்கூற்றை அப்படியே நம்பியதாகக் காட்டிக்கொள்ளும் தாய், அக்கலையின் முன்னோடி.

8. பெறப்படும் விதி

2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர் தம் பணத்தை மனத்தளவில் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்தே கையாள்கின்றனர் என்று காட்டினார். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை நகர்த்த மனம் தயங்கும் என்பது அதன் சாரம். இவ்வாய்வு அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறது. ஊதியச் சீட்டில் அச்சான ஒவ்வொரு ரூபாய்க்கும் அது வந்து சேருமுன்பே வீட்டுக்காரர், தவணைக்காரர், பள்ளி வேன், ஊரில் இருக்கும் பெற்றோர் என்று உரிமையாளர் உண்டு. இருப்பது தெரிந்த பணம் கேட்கப்படும். கேட்கப்பட்ட பணம் போய்விடும். எனவே சிறுவாட்டைக் காப்பது டிரம்மின் ஆழமோ மூடியின் இறுக்கமோ அன்று, அறிந்தவர் கேட்காதிருத்தலே. மறைத்தலில் மனைவிக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ, அவ்வளவு திறமை காணாதிருத்தலில் கணவருக்கும் வேண்டும். இரண்டும் கூடிய வீடே கடன்காரரிடம் செல்லாத வீடு.

இவ்வாய்வுக்கு நேர்ந்த முதன்மையான இடர்ப்பாடு, ‘எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க’ என்னும் விடையே எங்கும் கிடைக்கக்கூடியது என்பதாகும். அதனை இக்கட்டுரை தன் முடிவுக்கு வலுவான சான்றாகக் கொள்கிறது. மாமியார் சிறுவாடு, அதிலும் ஒரே டிரம்மில் மாமியாரும் மருமகளும் வெவ்வேறு ஆழங்களில் வைப்புகள் பேணும் நிலை, தனி ஆய்வுக்கு உரியது. இறுதியாக, இங்குக் கூறியவற்றைக் கணவன்மார் படிப்பதில் தடையில்லை. படித்ததாக வீட்டில் காட்டிக்கொள்வது மட்டும், மேற்சொன்ன விதிக்கு முரணானது என்பதால், தவிர்க்கத்தக்கது.