பழைய பேக்கரி, பழைய தபாலாபீஸ்

1974-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் டாக்டராகச் சேர்ந்தபோது, பல வீடுகளில் வாசல் மணியே கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். பூட்டு இருந்தது, சாவி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. திருடன் வந்தால்தான் எதை எடுப்பான்? மண்ணெண்ணெய் ஹீட்டரையா?

சக்கிமுக்கிக் கல் சுவர், சிவப்பு ஓடு. காலண்டர் படத்தில் அழகுதான். உள்ளே போனால் ஒரே ஓதம். பண்ணைத் தொழிலாளி ஒருவரின் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்று கூப்பிட்டார்கள். கட்டிலை ஒட்டிய சுவரில் ஒட்டுக்காகிதம் உப்பி நின்றது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பின்னால் கறுகறுவென்று பூஞ்சை. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி உறைந்திருந்தது. தகரக் குளியல் தொட்டி கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கியது. குழந்தைக்கு மருந்து எழுதினேன். சுவருக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

வீடு பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1976-இல் சட்டம் வந்த பிறகுதான் அப்படிச் சட்டென்று தெருவில் நிறுத்த முடியாமல் போயிற்று. அதனால் ஊரில் எல்லோருக்கும் கனவு, உள்ளாட்சி மன்றம் கட்டி வாடகைக்கு விடும் கவுன்சில் வீடு. பார்க்க லட்சணமில்லை, ஆனால் குளியலறை உண்டு.

பாதுகாப்பா? எதிர்வீட்டுக் கிழவியின் திரைச்சீலைதான். என் கார் எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றது, யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் நான் முடிவு செய்யுமுன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். தெருமுனையில் போலீஸ்காரர் குடும்பத்தோடு இருந்தார். அவர் இல்லாத நேரத்தில் புகாரை அவர் மனைவி வாங்கிக்கொள்வார்.

இன்று அந்த வாசலில் 'பழைய போலீஸ் வீடு' என்று பலகை. அதைத் தாண்டினால் 'பழைய பேக்கரி', 'பழைய தபாலாபீஸ்', 'பழைய பள்ளிக்கூடம்'. ஊரில் என்னென்ன ஒழிந்தன என்று தெரிந்துகொள்ள ஒருநடை தெருவில் போய்வந்தால் போதும். கவுன்சில் வீடுகளை 1980 சட்டப்படி குடியிருந்தவர்களே தள்ளுபடியில் வாங்கினார்கள், பிறகு விற்றார்கள். விற்ற கணக்குக்குப் புதிதாக யாரும் கட்டவில்லை.

மூச்சிரைப்புக் குழந்தையின் வீடு இப்போது லண்டன்காரர் ஒருவரின் விடுமுறை வீடு. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய். ஓதம் மருந்துக்கும் கிடையாது. தகரத் தொட்டியில் லாவெண்டர் வளர்கிறது. வாசலில் கேமரா வைத்த மணி, எண்ணை அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டி. போன குளிர்காலத்தில் கொல்லைத் தொட்டியிலிருந்த ஹீட்டிங் எண்ணெயை எவனோ உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான். கேமரா உடனே லண்டனுக்குச் செய்தி அனுப்பியதாம். முதலாளி சினிமா தியேட்டரில் இருந்தாராம். எதிர்வீட்டில் எட்டிப் பார்க்க ஆளில்லை. அதுவும் விடுமுறை வீடு.

இந்தப் பக்கத்து பர்ன்ஹாம் மார்க்கெட் என்ற ஊருக்கு, லண்டனின் பணக்காரப் பேட்டையை வைத்து, 'கடலோரச் செல்சீ' என்றே பட்டப்பெயர். புது வீடு கட்டினால் அதில் ஆள் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும் என்று 2023-இல் அங்கே ஊரார் வாக்களித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீட்டுக்குக் கவுன்சில்கள் இருமடங்கு வரி போடலாம். பணக்காரர் அதையும் கட்டிவிட்டு வராமலே இருப்பார். வரி வீட்டில் விளக்கேற்றாது.

எனக்கு வயதாகிவிட்டது. காலையில் உதவிக்கு வரும் பெண் கிங்ஸ் லின் நகரத்திலிருந்து காரில் வருகிறாள். இங்கே வாடகை அவளுக்குக் கட்டாது. லண்டனில் நன்றாகச் சம்பாதிக்கும் நம்மவர்கள் சிலர், கிராமத்தில் ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் வாங்கிப் போடாதீர்கள். வந்து குடியிருங்கள். எதிர்வீட்டில் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்கவும் கூச்சப்படாதீர்கள்.