மரியாதைக்கு ஒரு இழுப்பு

பெரியப்பாவின் அம்பாசிடரில் ஹேண்ட் பிரேக் போடுவது ஒரு மரியாதைக்குத்தான். டாஷ்போர்டுக்குக் கீழே குடைக் கைப்பிடி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட் ஒரே பெஞ்ச், கியரும் ஸ்டியரிங் தண்டிலேயே. அதனால் நடுவில் பிரேக்குக்கு இடம் கிடையாது. அந்த இடத்தில் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். பெரியப்பா கைப்பிடியை இழுப்பார். அது வரும். இன்னும் இழுத்தால் இன்னும் வரும். வண்டி மட்டும் தன்பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

"டேய், கல்லு!"

கல் என்பது பெரியம்மா வீட்டு அம்மியின் உடைந்த பாதி. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் டிக்கியில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றவோ, அத்தை வாந்தி எடுக்கவோ, குரங்குக்குப் பொரி போடவோ எங்கே நின்றாலும் முதலில் குதிப்பவன் நான். ஏறும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால், இறங்கும்போது முன்சக்கரத்துக்கு முன்னால் என்ற பாடம் எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம். ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டி உருண்டு வரும்போது அதன் சக்கரத்தடியில் கையை நீட்டச் சொல்லி வீட்டின் சின்னப் பையனை அனுப்புவார்கள். பெரியவர்கள் யாரும் சீட்டைவிட்டு அசைய மாட்டார்கள். இன்றைக்கு என்றால் யாராவது 1098-க்குப் போன் போட்டிருப்பார்கள். அன்று எனக்கு அது ஒரு பதவி. தம்பி வளர்ந்து கல்லைத் தூக்குமளவுக்கு ஆனபோது பதவி பறிபோனதில் வருத்தம்கூட இருந்தது.

இதில் வண்டிமேல் குற்றமில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி உத்தரபாடாவில் செய்த வண்டி அது. 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை வந்துகொண்டே இருந்தது. எத்தனையோ அமைச்சர்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்றிருக்கிறது. பிரேக் ஷூ தேயும், கேபிள் நாளாக நாளாக நீளும், அவ்வப்போது இறுக்க வேண்டும். பெரியப்பா இறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டறை மேஸ்திரி அதைச் சொல்லாத நாளில்லை. "முதல்ல பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் தூக்கணும்ங்க. டிரம்முக்குள்ள ஷூவை நெருக்கி, சக்கரத்தைக் கையால சுத்திப் பாக்கணும். உரசுற சத்தம் வந்ததும் கொஞ்சம் தளத்தி விடணும். அதுக்கப்புறம்தான் கேபிள்ல கை வெக்கணும். ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கணுமுங்க. ஒண்ணு பிடிச்சு ஒண்ணு விட்டா வேலைக்கு ஆகாது."

பெரியப்பாவின் காதில் விழுந்தது கேபிள் மட்டும். "அந்த நட்டை மட்டும் நாலு சுத்து சுத்தி விடுய்யா."

இன்றும் நடக்கிற தப்புதான் இது. உள்ளே ஷூ தேய்ந்து டிரம்மைவிட்டு விலகியிருக்கும்போது கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் கைப்பிடி விறைப்பாகத்தான் இருக்கும். சொந்தக்காரருக்கும் திருப்தி. ஆனால் கேபிளில் தளர்வே இல்லாமல் போனால், பிரேக்கை எடுத்த பிறகும் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே ஓடும். டிரம் காயும், வாடை வரும், தேய்மானம் இன்னும் கூடும். மேஸ்திரி முனகிக்கொண்டே நட்டைத் திருப்பினார். அடுத்த ஏற்காடு பயணத்தில் பாதி மலையில் கருகல் வாடை. மேஸ்திரி சரியில்லை என்றார் பெரியப்பா. அங்கேயே ஸ்பேனரை எடுத்து அந்த நாலு சுற்றையும் திருப்பிக் கழற்றிவிட்டார். அம்மிக்கல் மறுபடி பணிக்குத் திரும்பியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. கிளிக் கிளிக் என்று எண்ணி இழுக்கலாம். எண்ணிக்கை கூடினால் இறுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் முதலில் வாங்கியது பழைய மாருதிதான். லைசென்ஸ் எடுத்த கதை தனி. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, செங்குத்தான மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பிக் காட்ட வேண்டும். நான் ஓட்டிக் காட்டிய மைதானத்தில் மேடு என்று சொல்லத்தக்கது ஒரு எறும்புப் புற்று மட்டுமே. பாஸ்.

இப்போது இருக்கிற வண்டியில் கைப்பிடியே இல்லை. வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்துப் போட்ட ஒரு பட்டன். பிஎம்டபிள்யூ 2001-ல் தன் 7 சீரிஸில் வைத்தபோது அது பணக்காரர் சமாச்சாரம். இன்று எங்கள் தெருவிலேயே நாலைந்து வண்டியில் இருக்கிறது. விரலால் தொட்டால் பின்சக்கரத்துப் பக்கம் சின்ன மோட்டார் ஒன்று முனகும், வண்டி ஆணி அடித்தாற்போல் நிற்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எஞ்சினை அணைத்தால், மறந்தாலும் தானே போட்டுக்கொள்கிறது. இத்தனை ஒழுக்கமான ஒரு பொருளை எங்கள் குடும்பம் இதுவரை கண்டதில்லை.

பழக்கதோஷத்தில் சர்வீஸ் சென்டரில் கேட்டேன்: "ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க, லூஸ் ஏதும்..."

டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கிய பையன், "சார், இதுல லூஸ்ங்கிறதே கிடையாது" என்றான். பரிதாபப்பட்டானா என்று தெரியவில்லை. பின்பக்கப் பேடை மாற்ற வேண்டுமென்றால்கூட ஸ்பேனருக்கு முன் ஸ்கேனரைச் செருகி, மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு கொடுக்க வேண்டுமாம். பேட்டரி செத்துப்போனால்? "அப்ப பிரேக் ரிலீஸ் ஆகாது சார். எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க." அம்மிக்கல்லுக்கு பேட்டரி தேவைப்பட்டதில்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் கல்லால் என் கட்டைவிரல் நசுங்கியதும் கூடவே ஞாபகம் வந்ததால் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணம். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முன்சீட்டில் சீட் பெல்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்து வாசலில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

"நியூட்ரல்ல விட்டுட்டு, ஹேண்ட் பிரேக் போடாமப் போங்க சார். முன்ன பின்ன தள்ளி நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்."

"எஞ்சினை ஆஃப் பண்ணா பிரேக் தானே விழுந்துரும்ங்க."

"எடுத்து விடுங்க."

"அணைச்ச வண்டில எடுக்க முடியாதுங்க."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கைப்பிடியைத் தேடினார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "தள்ள முடியாத வண்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? பின்னாடி பாருங்க, எத்தன வண்டி நிக்குது. வெளிய எங்கயாச்சும் ரோட்டோரமாப் போட்டுக்குங்க."

இரண்டு தெரு தள்ளித்தான் இடம் கிடைத்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் என் தோளுமாக வெயிலில் நடந்த பெரியப்பா, மண்டபம் கண்ணில் பட்டதும் நின்றார்.

"நான் எதுக்குடா அன்னைக்கு அதை இறுக்காம வெச்சிருந்தேன்? நம்ம வண்டிய எந்த மண்டபத்துலயாச்சும் வெளிய போடச் சொல்லியிருக்கானா?"