பெரிய எழுத்து, சின்ன எழுத்து: லாகின் பெட்டி குறித்த ஒரு நுண்ணாய்வு

தமிழ் எழுத்தில் பெரியது, சின்னது என்ற பேதம் இல்லை. 'பெரிய ற இருக்கிறதே' என்று கடைசி பெஞ்சிலிருந்து எழும் தம்பி உட்காரலாம். அது வேறு எழுத்து, வேறு வழக்கு. ஆங்கிலத்தில்தான் ஒரே எழுத்துக்கு இரண்டு உடுப்பு. உடுப்பு மாறியதால் சொந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்போரின் துயரமே இவண் ஆய்வுப்பொருள்.

நுழையும் பெயர் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியே. எனவே முதற்கண் மூலநூல். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு இன்றைய விதிநூல் 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321. அட் குறிக்கு வலப்பக்கம் எந்த எழுத்தில் இருந்தாலும் ஒன்றே என்கிறது அது. இடப்பக்கத்துப் பெயரிலோ, பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகவே கொள்ளவேண்டும். ஆக, பெரிய எழுத்துக் குமாரும் சின்ன எழுத்துக் குமாரும் சட்டப்படி இரண்டு ஆசாமிகள். இப்படி விதித்த கையோடு, இந்த வேற்றுமையை யாரும் பயன்படுத்திக்கொள்ளாதிருப்பதே நலம் என்றும் அறிவுறுத்துகிறது. போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு மட்டும் முழு விலக்கு. அதை எப்படி எழுதினாலும் கடிதம் போய்ச் சேரவேண்டும். அஞ்சல்காரர்கள் தம்மவரை விட்டுக்கொடுப்பதில்லை.

உரைகாரர் இரு கட்சி. ஜிமெயில் எழுத்தின் அளவையும் பார்க்காது, பெயரின் நடுவே வைத்த புள்ளியையும் பார்க்காது. வலைத்தளம் கட்டும் மென்பொருள் சட்டகமான ஜாங்கோ ஆசாரசீலம்: முகவரியைச் சீர்படுத்துகிறேன் என்று வலப்பக்கத்தை மட்டும் சின்னதாக்கிவிட்டு, இடப்பக்கத்தைத் தொடாது.

இனி களஆய்வு. இ-சேவை மையம். பெயர், அப்பா பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் என்று படிவம் சொன்னதால் கேப்ஸ் லாக் போட்ட ஆபரேட்டர், மெயில் ஐடியையும் அதே வேகத்தில் தட்டிவிடுகிறார். இரவு வீட்டில் பையன் போனில் சின்ன எழுத்தில் போடுகிறான்: அப்படி ஒரு பயனர் இல்லை. சரியென்று புதிதாகப் பதிவு செய்தால்: இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது. லாகின் பக்கம் எழுதியவர் ஒரு கட்சி, பதிவுப் பக்கம் எழுதியவர் மறு கட்சி. டீ மட்டும் ஒரே கடையில்.

"அண்ணா, என் ஐடி இருக்குன்னும் சொல்லுது, இல்லைன்னும் சொல்லுது."

"சர்வர் பிஸி தம்பி. நாளைக்கு வா."

எல்லாவற்றையும் சின்னதாக்கினால் தீராதா? தீராது. துருக்கி மொழியில் ஐ எழுத்து புள்ளி வைத்தது, வைக்காதது என இரண்டு. எழுத்தின் அளவை மாற்றும்போது இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். 2019இல் ஜாங்கோவின் கடவுச்சொல் மீட்பில் இத்தகைய எழுத்துமாற்றத்தால் ஓட்டை விழுந்தது: வேறு முகவரி ஒன்று உரியவரின் முகவரியாகவே கொள்ளப்பட்டு, மீட்புக் கடிதம் திருடன் வீட்டுக்கே போகக்கூடிய நிலை.

எனவே யாம் துணிவது: கொடுத்தபடியே சேமி, ஒப்பிடும்போது மட்டும் சின்னதாக்கு, கடிதத்தைச் சேமித்த முகவரிக்கே அனுப்பு, சின்ன எழுத்து வடிவம் ஒன்றுக்கு ஒரு கணக்கே என்று தரவுத்தளத்தில் பூட்டுப் போடு. பெட்டியை ஈமெயில் வகை என்று அறிவித்தால் போன் கீபோர்டும் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்காது.

பூட்டுப் போடும் அன்று ஒரு சங்கடம் வரும். ஒரே ஆளுக்கு ஏற்கெனவே இரண்டு கணக்கு இருக்கும். ஒன்றில் போட்டோ, இன்னொன்றில் பணம் கட்டிய ரசீது. அதற்கு ஆர்எஃப்சியில் விதி இல்லை. யாராவது போன் போட்டு, "சார், இதில் எது நீங்க?" என்று கேட்கவேண்டியதுதான்.