பயணிகளே இல்லாத ரயிலுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்:
மேன்மைமிகு ரயில்வே வாரியம்,
ரயில் பவன், புது தில்லி.

பொருள்: கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும் மாதிரி ரயிலை நாடு முழுவதற்கும் முன்மாதிரியாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் மகனுக்கு வயது ஏழு. சொந்தக்காரர்களை அவர்கள் வந்திறங்கிய வண்டியின் எண்ணால் அடையாளம் வைத்திருப்பவன். ஹார்ன் சத்தத்தை வைத்தே மின்சார எஞ்சினா டீசலா என்று சொல்லிவிடுவான். எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் பெயரைப் படித்துவிட்டு, "ஈரோடு வந்திருக்கும்மா", "இன்னைக்கு ராயபுரம்மா" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அறிவிப்பான். மற்ற பிள்ளைகள் கடற்கரை, சினிமா, மால் என்று கேட்கும். இவனுக்குப் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் போதும். இதைவிட மலிவான பிள்ளை யாருக்கும் வாய்க்காது என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்படுகிறார்கள்.

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ரயில் அருங்காட்சியகம். தாத்தா, பாட்டி, தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், எல்லாம் கூடவே வரும். எந்த அருங்காட்சியகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பாராட்டுவதற்காக ஒரு ஆய்வுக்குழு அனுப்புவீர்கள். அவர்கள் போனபிறகு அங்கே எதுவும் பழையபடி ஓடாது.

அங்கே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே சுண்ணாம்புக் காரையில் ஒரு மலை, பஞ்சில் மரங்கள், இரண்டு சுரங்கப்பாதை, ஒரு பாலம், மஞ்சள் பலகையோடு ஒரு ஸ்டேஷன். ஊழியர் ஒருவர் பொத்தானை அழுத்தினால் நாலைந்து பெட்டியோடு ரயில் கிளம்பி, மலையைக் குடைந்து, பாலத்தைத் தாண்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. தாமதம் இல்லை. அவுட்டரில் நிறுத்தம் இல்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை. கண்ணாடியில் பிள்ளைகளின் நெற்றியும் மூக்கும் பதித்த எண்ணெய்த் தடம் மட்டும்தான் ஒரே குறை. அதையும் அந்த ஊழியரே துடைத்துவிடுகிறார்.

இந்த மாதிரி ரயில்களில் பரவலானது 1:87 என்ற அளவு. அந்தக் கணக்கில் சராசரி மனிதன் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வருவான். எங்கள் கண்ணாடிப் பெட்டியின் பிளாட்பாரத்திலும் அந்த உயரத்தில் சிலர் நிற்கிறார்கள்: சேலை கட்டிய ஒரு பெண், சூட்கேஸ் வைத்திருக்கும் ஒருவர், தலைப்பாகைக்காரர் ஒருவர். ரயில் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. அவர்கள் நிற்கிறார்கள்.

"இவங்க ஏன்மா ஏறவே மாட்டேங்குறாங்க?" என்று கேட்டான் மகன்.

"வெயிட்டிங் லிஸ்ட்டுடா கண்ணா" என்றார் அவன் அப்பா.

"கன்செஷன எடுத்துட்டாங்கல்ல, அதான்" என்றார் என் மாமனார்.

ரயிலின் உள்ளே குனிந்து பார்த்தேன். ஒரு சீட்டிலும் ஆள் இல்லை. அந்த நொடியில்தான், ஐயா, எனக்கு எல்லாம் விளங்கியது. நீங்கள் இத்தனை வருடங்களாக எதை நோக்கி இவ்வளவு சிரமப்பட்டு நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கண்ணெதிரே ஓடியது: பயணிகளே இல்லாத ரயில். நல்ல தண்டவாளம், நல்ல பெட்டி, நல்ல விளக்கு, தொல்லை தர ஒருவரும் இல்லை. அதற்கான வாழ்த்துதான் இந்தக் கடிதம்.

மாதிரி என்றால் அளவைச் சுருக்குவது. இந்தக் கலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆர்.ஏ.சி. என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். பக்கவாட்டுக் கீழ்ப் பெர்த்தில் முன்பின் தெரியாத இருவர், எதிரெதிரே, முழங்கால் முட்ட, விடியவிடிய உட்கார்ந்து போகலாம். இருவரிடமும் முழுக் கட்டணம். இது 1:2 அளவு மாதிரிப் படுக்கை. பொதுப்பெட்டியை 90 பேர் உட்காரும் கணக்கில் கட்டிவிட்டு, பொங்கலுக்கு அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணாமல் விடுகிறீர்கள். அங்கே மனிதர்கள் தாங்களாகவே சுருங்கி, கழிவறை வாசலில் மடங்கி, 1:4 வரை கூடப் போய்விடுகிறார்கள். கை வேலைப்பாட்டில் தேர்ந்த எந்த மாதிரிக் கலைஞனுக்கும் இது வராது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஏப்ரல் வரை ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் பெர்த்தும் கிடைத்தது. அதன்பிறகு பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம்தான் கொடுப்பேன் என்றால் பெர்த் இல்லை, அம்மா மடி உண்டு. இந்த ஏற்பாட்டில் 2016-17 முதல் ஏழு ஆண்டுகளில் 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் வருவாய் வந்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வாங்கிப் பத்திரிகைகள் எழுதின. இந்தியாவின் அம்மாக்களுடைய மடிக்கு இப்படி ஒரு சந்தை மதிப்பு இருப்பதை அதுவரை எந்தப் பொருளாதார நிபுணரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

பெரியவர்களையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. அறுபது தாண்டிய ஆண்களுக்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு தாண்டிய பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினீர்கள். முதியோர் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்ற அக்கறை. தொற்று போய்விட்டது, அக்கறை போகவில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பேரனும் எழுபதைத் தாண்டிய தாத்தாவும் உங்கள் முன்னால் சரிசமம். ஒருவன் வளர்ந்த ஆளாகிவிட்டான், இன்னொருவர் இளைஞராகிவிட்டார். நாற்பத்துச் சொச்சம் வயதில் நடுவில் நிற்கும் நானும் என் கணவரும் இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம். எங்களுக்கு எந்த வயதும் மாறவில்லை.

ஆனால் இன்னும் சில தளர்ச்சிகள் தெரிகின்றன. நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாணவர்களுக்கும் இன்றும் சில சலுகைகளை வைத்திருக்கிறீர்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) உருவான வந்தே பாரத் 2019-இல் ஓடத் தொடங்கியபோது பொதுப்பெட்டியே இல்லாத வண்டி என்று மனதாரப் பெருமைப்பட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, 2023 டிசம்பரில் அம்ரித் பாரத் என்று ஏசி இல்லாத, பொதுப்பெட்டி உள்ள வண்டியை விட்டீர்கள். லட்சியப் பாதையில் இப்படி இடறலாமா?

டிக்கெட்டைப் பற்றி ஒரு விண்ணப்பம். பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டுத் தருகிறீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதிலிருந்து என் மகன் கையில் கிடைக்கும் எதையும் விடுவதில்லை. இதையும் படித்தான். "மீதியை யாரும்மா குடுக்குறாங்க?" என்றான். "நாமதான், வரியில குடுக்குறோம்" என்றார் மாமனார். "அப்போ நமக்கு நாமே நன்றி சொல்லணுமா?" என்றான். இந்த வயதில் பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவு ஆகாது. எழுத்தின் அளவை இன்னும் குறைத்து அச்சிடவும். 1:87 சரியாக இருக்கும்.

அகலப்பாதையைப் பற்றியும் ஒரு சிறு தகவல். நம் நாட்டுத் தண்டவாளம் 1,676 மில்லிமீட்டர் அகலம், உலகிலேயே அகலமானவற்றில் ஒன்று. 1:87 கணக்கில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வர வேண்டும். ஆனால் கடையில் விற்கும் பொம்மைத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்காக உருவானது அது. அதனால் இந்திய எஞ்சின்களை மாதிரியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒடுங்கிய பாதையிலேயே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். பொம்மையில் கூட நமக்குக் கொஞ்சம் இடம் குறைகிறது. தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

இனி ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு ஊர். அங்கே பழைய பண்டகசாலைக் கட்டடம் ஒன்றில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கியது மினியாட்டூர் வுண்டர்லாண்ட். உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் என்று கின்னஸில் இடம்பிடித்தது. என் மகன் வீடியோவில் பார்த்தே அந்தக் குட்டி ஊரின் வழிகளை மனப்பாடம் செய்துவிட்டான். ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் போய் இரவு வருகிறது, லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் எரிகின்றன. க்னுஃபிங்கன் என்று இல்லாத ஊர் ஒன்றைக் கட்டி, அங்கே தீப்பிடிக்க வைத்து, தீயணைப்பு வண்டிகளை ஓட விடுகிறார்கள். விமான நிலையத்தில் விமானம் ஏறி இறங்குகிறது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அவர்கள் செய்த பெரிய பிழை வேறு: இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டி மனிதர்களை உள்ளே வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். கல்யாணம் நடக்கிறது, சண்டை நடக்கிறது, யாரோ யாருக்கோ கையசைக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆளுக்கு இவ்வளவு மெனக்கெடல்!

அதோடு விட்டார்களா? ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இலவசம். பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, ஆளை அளந்து பார்ப்பதோடு சரி. ஜனவரி மாதங்களில் இன்னொரு வழக்கம் வைத்திருந்தார்கள்: டிக்கெட் வாங்க வசதியில்லாதவர் கவுன்டரில் வந்து அப்படிச் சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள், சான்று கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் கையில் உண்மையான ரயில்வே சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது. தயவுசெய்து உங்கள் அதிகாரிகள் யாரையும் ஹாம்பர்க்குக்குக் கல்விச் சுற்றுலா அனுப்ப வேண்டாம்.

உள்ளூரிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். ஏற மட்டும் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. 1908-இல் உதகையைத் தொட்ட வண்டி, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊரே அதைப் பொம்மை ரயில் என்றுதான் சொல்கிறது. அந்தப் பொம்மையில் என்ன கோளாறு என்றால், ஜன்னல் திறக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் மடியில் வைத்து, "அங்க பாருடா அருவி" என்று காட்டுகிறார்கள். என் மாமியார் கோயம்புத்தூர்க்காரம்மா ஒருவருக்குப் பாதித் தயிர்சாதத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பும் வாங்கிவந்துவிட்டார். வாரியத்தின் நீண்டகால நோக்கத்துக்கு இது எவ்வளவு கேடு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கண்ணாடிப் பெட்டித் திட்டத்தை முதற்கட்டமாகச் சென்னை எழும்பூரிலிருந்து தொடங்கலாம் என்று யோசனை சொல்கிறேன். பிளாட்பாரத்தைச் சுற்றிக் கண்ணாடி. உள்ளே ரயில் காலியாக ஓடட்டும். வெளியே நாங்கள் நெற்றியைப் பதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைக்காதவரின் இணையவழி டிக்கெட் ரத்தானாலும் 'வசதிக் கட்டணம்' திரும்ப வருவதில்லை என்ற நல்ல முன்னுதாரணம் ஏற்கெனவே இருப்பதால், ரயிலில் ஏறாமலே பணம் கொடுப்பது மக்களுக்குப் புதிதாகவும் தோன்றாது.

இந்த யோசனையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமனார் கைதட்டினார். மகனுக்குத்தான் உடன்பாடில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்தச் சேலைக்காரப் பெண்ணையும் சூட்கேஸ்காரரையும் தலைப்பாகைக்காரரையும் முதலில் ஏற்றிவிட்டுத்தான் ரயிலை எடுக்க வேண்டும் என்கிறான். தன் உண்டியலில் இருப்பதை மூவருக்கும் டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். இரண்டு சென்டிமீட்டர் ஆளுக்குப் பெர்த்தோடு என்ன கட்டணம், பெர்த் இல்லாமல் என்ன கட்டணம் என்று அவனுக்குத் தனியாகப் பதில் எழுதவும். என் பெயருக்கு வரும் கடிதத்திலேயே சேர்த்துவிட வேண்டாம். உங்கள் விதிப்படி அவன் முழு ஆள்.

இப்படிக்கு,
முழுக்கட்டணக் குடும்பம் ஒன்றின் தலைவி,
சென்னை.